கருமபீடத்தை மூடாதீர்!

அரசாங்கம் என்பது மக்களுக்காகத் திறந்து வைக்கப்பட்ட வாசல். அவ்வாசலில் வந்து நிற்கும் ஏழையை நோக்கி, "உன்னிடம் இணையத் தொலைபேசி உண்டா?" என்று கேட்டு, இல்லையென்றவனைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை எந்தச் சட்டம் எந்த உத்தியோகத்தருக்கு வழங்கியது? பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் எமது கரையோர மக்களின் சார்பில் இக் கேள்வியை இன்று பகிரங்கமாக எழுப்புகின்றோம். விடை கிடைக்கும் வரை எழுப்பிக்கொண்டே இருப்போம்.

நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2022 ஆகஸ்டில் நாடெங்கும் எரிபொருளுக்குக் கியூ.ஆர். குறியீடு வந்தது, 2023 செப்டம்பர் வரை அது நிலைத்தது. 2023 ஜூனில் கடவுச்சீட்டு விண்ணப்பம் இணையத்தில் ஏறியது. 2024 நவம்பரில், கடவுச்சீட்டு விண்ணப்பம் கையளிக்கும் நாளையும் இணையத்திலேயே முற்பதிவு செய்ய வேண்டுமென்று விதிக்கப்பட்டது. 2023 ஜூலையில் சமுர்த்தியின் இடத்தில் அஸ்வெசும வந்தது. பட்டியலில் விடுபட்டோரின் மேன்முறையீடுகள் இணையம் வழியே கோரப்பட்டன. 2025 பெப்ரவரி 7 ஆம் நாள் அரச கொடுப்பனவுகளுக்கான 'கவ்பே' தொடக்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் வீதிப் போக்குவரத்துத் தண்டப்பணத்தையும் தொலைபேசியாற் செலுத்தும் முறை பரீட்சார்த்தமாக வந்தது. இவற்றுள் எதனையும் தனியே எடுத்து நோக்கின் குறை காண்பது அரிது. ஒருங்கே வைத்து நோக்கின், கச்சேரியும் கந்தோரும் சிறிது சிறிதாக ஒரு கண்ணாடித் திரைக்குள் குடிபுகுந்து வருவதைக் காணலாம்.

நாம் இயந்திரத்தின் பகைவர்கள் அல்லர். அவ்வாறு எம்மைச் சித்திரிக்க முனைவோர்க்கு முன்கூட்டியே விடை கூறிவிடுகின்றோம். ஒரு கையொப்பத்துக்காகக் கல்முனையிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியற் காலையிற் கொழும்பில் இறங்கி, மாலையில் "நாளை வா" என்ற சொல்லோடு திரும்பிய தலைமுறை எம்முடையது. அந்த அலைச்சலை இணையம் ஓரளவேனும் குறைத்திருக்கின்றது. மேசைக்குக் கீழ் நீளும் கையையும் அது சில இடங்களிற் கட்டியிருக்கின்றது. எரிபொருளுக்காக நாட் கணக்கில் நீண்ட வரிசைகளை 2022 இற் குறைத்ததும் அக் குறியீடுதான். இவற்றை நாம் மறுக்கவில்லை. புதிதாக ஒரு வாசல் திறந்தால் வரவேற்போம். அதைக் காரணம் காட்டிப் பழைய வாசலை அடைத்தால் எதிர்ப்போம். எமது வழக்கு முழுவதும் இவ்வளவே.

"இல்லை" என்று சொல்பவர் யார்?

சட்டம் பயின்றோர் இவ்விடத்தில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கருமபீடத்தின் பின்னால் ஓர் உத்தியோகத்தர் இருக்கின்றார். அவருக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு. அவர் விண்ணப்பத்தை மறுத்தால் மறுத்த நாள் உண்டு, காரணம் உண்டு. எழுத்திற் கேட்டால் எழுத்தில் விடை தரும் கடமையும் உண்டு. அந்த மறுப்பை வைத்துக்கொண்டு நாம் மேலதிகாரியிடம் போகலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கின்றது. 126 ஆவது உறுப்புரை, நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் அவ்வுரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்கின்றது.

திரையின் மறுப்பு எத்தகையது? வட்டம் ஒன்று சுழல்கின்றது. "பிழை ஏற்பட்டுள்ளது, பின்னர் முயலவும்" என்று ஒரு வரி தோன்றுகின்றது. கடவு எண் வந்து சேரவில்லை. வந்தபோது காலம் கடந்துவிட்டது. அங்கே மறுத்தவர் யார்? மறுத்த நாள் எது? காரணம் என்ன? அந்த ஒரு மாதக் கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகின்றது? நிர்வாகச் செயல் என்று எதனைச் சுட்டிக் காட்டி மனுத் தாக்கல் செய்வது? உரிமை மறுக்கப்பட்டிருக்கின்றது; ஆனால் மறுத்ததற்கு ஒரு துண்டுக் கடிதமும் சாட்சியில்லை. உத்தியோகத்தர் அநீதி செய்தால் அவரைக் கூண்டில் ஏற்றலாம். சுழலும் வட்டத்தை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

அஸ்வெசுமவை எண்ணிப் பாருங்கள். மிக வறிய குடும்பமொன்றுக்கு மாதம் 15,000 ரூபாவும், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாவும் என அத்திட்டம் தொடங்கிற்று. அது எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியும் பணம். பட்டியல் வெளியானபோது மேன்முறையீட்டுக்கு 2023 ஜூலை 10 வரையே அவகாசம் கொடுக்கப்பட்டது. கரைவலை இழுப்பவனும், தறியில் இருப்பவளும், வட்டையிற் கூலிக்கு அருவி வெட்டுபவனும் அந்தச் சில நாட்களுக்குள் இணையத்தைத் தேடி ஓட வேண்டியிருந்தது. யார் மிக வறியவரோ அவரிடமே இணையத் தொலைபேசி இல்லை. ஆகவே யாருக்காக உதவி ஏற்படுத்தப்பட்டதோ அவரே உதவி கோரும் வழியறியாது நின்றார். வறுமைக்கு மருந்து கொடுக்கின்றோம் என்று கூறி, மருந்துச் சாலையின் கதவைச் செல்வரின் உயரத்தில் வைப்பது எவ்வகை வைத்தியம்?

மீண்டும் ஒரு மொழித் தடை

இத்தகைய தடை எமது மக்களுக்குப் புதிதன்று. 1956 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் கல்முனை மக்கள் எம். எஸ். காரியப்பரையும், பொத்துவில் மக்கள் எம். எம். முஸ்தபாவையும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளர்களாகத் தெரிவு செய்தனர். தெரிவானோர் பின்னர் அரசாங்கத்தின் பக்கம் சென்றனர்; அது வேறு கதை. அந்தத் தேர்தலின் தலையாய பிரச்சினை மொழி. அதே ஆண்டு 33 ஆம் இலக்கச் சட்டமாகத் தனிச் சிங்களம் வந்தது. அரசாங்கத்திடமிருந்து வரும் கடிதத்தைப் பிறரிடம் கொண்டுபோய்ப் பொருள் கேட்கும் நிலைக்கு, ஊரிற் கற்றோரெனப் பெயர் பெற்றிருந்தவர்களும் தாழ்த்தப்பட்டார்கள். 1987 இன் 13 ஆவது திருத்தமும் 1988 இன் 16 ஆவது திருத்தமும் தமிழுக்கு அரசகரும மொழி, நிர்வாக மொழி என்னும் நிலையை அளிக்கும் வரை முப்பது ஆண்டுகள் கடந்தன. இன்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழிற் கருமம் ஆற்றும் உரிமையை எமக்கு உறுதி செய்கின்றது.

அந்த உரிமை திரையில் எந்த நிலையில் இருக்கின்றது? முகப்பிலே "தமிழ்" என்று எழுதியிருக்கும். அதனைத் தொட்டு உள்ளே சென்றால் இரண்டாம் பக்கம் ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் சிங்களமும் ஆங்கிலமும். தமிழ் இருக்கும் இடங்களிலும், தமிழறிந்தோர் எவரும் வாசித்துப் பார்க்காத தமிழ். கருமபீடத்தில் ஒரு கிராம உத்தியோகத்தரிடம் எமது கிழக்குத் தமிழில் நாலு வார்த்தை பேசி விளக்கம் பெறலாம். திரை நாம் பேசுவதைக் கேளாது. தான் பேசுவதை விளக்கவும் மாட்டாது. அன்று மொழியால் மூடப்பட்ட கதவு இன்று மொழியோடு கருவியும் சேர்ந்து மூடப்படுகின்றது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2021 ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டிற் கணினி எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. ஏனைய இரு பங்கினரும் இந்நாட்டின் குடிமக்கள் அல்லரா?

திறப்புக்கும் வரி

பணத்தின் கணக்கையும் பார்ப்போம். 2024 ஜனவரி முதலாம் நாள் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்த்தப்பட்டது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கையடக்கத் தொலைபேசியும் அன்று அவ்வரிக்குள் கொண்டுவரப்பட்டது. வாசலைப் பூட்டி, "திறப்பை நீயே வாங்கி வா" என்று கட்டளையிட்டு, வாங்கப் போனவனிடம் திறப்புக்கும் வரி அறவிடும் அரசாங்கத்தை என்னவென்று அழைப்பது? தொலைபேசி வாங்கியதோடு செலவு ஓய்வதில்லை. மாதந்தோறும் 'டேட்டா' வேண்டும். மின்னேற்ற மின்சாரம் வேண்டும். பழையதாகிவிட்ட கருவியிற் புதிய செயலி இயங்காது. அரசாங்கம் இலவசமாகத் தர வேண்டிய சேவைக்கு, தனியார் கம்பனியிடம் நிரந்தரச் சந்தா கட்டிய பின்னரே மக்கள் வந்து நிற்க முடிகின்றது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிக் கூப்பன் வந்தது. அதன் விலையைப் படி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது 1953 ஆகஸ்ட் 12 இல் நாடு ஹர்த்தாலில் எழுந்தது; பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். விலையைப் பற்றி மக்கள் கொதித்தார்கள். கூப்பனைப் பற்றி எவரும் கொதிக்கவில்லை. ஏனெனில் அந்தக் காகிதத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைக்கலாம். அதற்கு மின்னேற்றம் வேண்டியதில்லை, கடவு எண் வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அதனைக் கொடுத்துத் தன் பங்கைப் பெற்றுக்கொண்டாள்.

மின்சாரம் என்றோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் நாடு இருளில் மூழ்கியது. 2025 பெப்ரவரி 9 இல், கவ்பே தொடங்கி இரண்டாம் நாளே, தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. வீட்டுப் பத்திரங்களும் பிறப்புச் சான்றுகளும் அதனோடு போயின. அன்று உயிர் தப்பியோர்க்கு எஞ்சியிருந்தது, "இவர் இன்னாரின் மகன்" என்று சொல்ல ஒரு கிராம உத்தியோகத்தரும் ஒரு பள்ளிவாசல் நிருவாகமும். கடலோரத்தில் வாழும் மக்கள் தமது குடியுரிமை முழுவதையும் நனைந்தாற் செத்துப்போகும் ஒரு கருவியிற் கட்டி வைக்கலாமா?

பிறர் கையில் எமது இலக்கம்

தொலைபேசி இல்லாதவர் இன்று என்ன செய்கின்றார்? பிரதான வீதியில் இருக்கும் 'கொமினிகேஷன்' கடைக்குப் போகின்றார். ஒரு காலத்திற் கச்சேரி மரத்தடியில் இருந்த மனு எழுதுநரின் இடத்தில் இப்போது அந்தக் கடை. கடைக்காரரை நாம் குறை கூறவில்லை. அவர் தம் உழைப்புக்குக் கூலி பெறுகின்றார். ஆயின் அங்கே நடப்பது என்ன? அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பிறந்த திகதி, வருமானம், நோய் யாவும் ஓர் அந்நியரின் கணினியிற் பதிவாகின்றன. கடவு எண்ணை உரத்த குரலிற் படித்துக் கொடுக்கின்றார்கள். விண்ணப்பதாரியின் பெயரிற் கடைக்காரரின் தொலைபேசி இலக்கமே பதிவாகும் நிகழ்வுகளும் உண்டு. பின்னர் திணைக்களம் அனுப்பும் அறிவித்தல் யாருக்குப் போகும்?

கணவன் மத்திய கிழக்கில் இருக்க வீட்டைத் தாங்கும் பெண்ணையும், துணையை இழந்த பெண்ணையும் எண்ணிப் பாருங்கள். தன் குடும்ப வறுமையைப் பிரதேச செயலகத்தில் ஒரு பெண் உத்தியோகத்தரிடம் தாழ்ந்த குரலிற் சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது. இன்று கடை வாங்கிலில் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டியிருக்கின்றது. தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தும் ஒத்திவைக்கப்பட்டன. சேவையை இணையத்தில் ஏற்றுவதற்கு இருந்த அவசரம், மக்களின் மானத்தைக் காப்பதற்கு இருக்கவில்லை.

பிற நாடுகள் கண்ட நியாயம்

இது பிற்பட்ட நாட்டாரின் புலம்பல் என்று கொழும்பிற் சிலர் எண்ணக்கூடும். செல்வம் மிகுந்த பிரான்சு நாட்டில், வெளிநாட்டவர் வதிவிட அனுமதியை இணையம் வழியே மட்டும் கோர வேண்டுமென்று விதித்த அரசாங்கத்துக்கு, அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2022 ஜூன் 3 இல் விடை கூறியது: இணையத்தைக் கட்டாயமாக்கலாம், ஆனால் அதனைப் பயன்படுத்த இயலாதவர்க்கு உதவியும் மாற்று வழியும் இருந்தாக வேண்டும். பெல்ஜியத்தின் பிரசல்சு மாநிலம் 2024 ஜனவரியில் இயற்றிய சட்டம், இணையத்தோடு நேரடிக் கருமபீடம், தொலைபேசி, தபால் ஆகிய வழிகளையும் அரச அலுவலகங்கள் வைத்திருக்க வேண்டுமென்றது.

இந்தியாவைப் பாருங்கள். இந்திய அரசின் நிதியுதவியோடு இங்கும் டிஜிட்டல் அடையாளத் திட்டம் முன்னெடுக்கப்படுவதால் அந்நாட்டின் அனுபவம் எமக்கு மிக நெருங்கியது. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டு மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமியொருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாமையாற் குடும்பத்தின் உணவு அட்டை நீக்கப்பட்டது, பிள்ளை பசியால் இறந்தாள் என்று தாய் சொன்னாள். மலேரியாவால் இறந்தாள் என்று அரசாங்கத்தார் சொன்னார்கள். பிள்ளையை இழந்த தாயே பிள்ளை பட்டினி கிடந்ததற்கு அத்தாட்சி தேட வேண்டியதாயிற்று. எட்டாண்டுகள் கழித்து, 2025 ஏப்ரல் 30 இல், இந்திய உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அமில வீச்சில் முகம் சிதைந்தோரும் பார்வை இழந்தோரும் தொடுத்த வழக்கு அது. தான் உயிருள்ளவர் என்று காட்டக் கண்ணிமைக்கச் சொல்கின்றது இயந்திரம். இமைக்க இயலாதவர் வங்கிக் கணக்குத் திறப்பது எவ்வாறு? டிஜிட்டற் சேவையை அடையும் உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று நீதியரசர்கள் பர்திவாலாவும் மகாதேவனும் கூறினர். எமது நாடு ஒரு சாவுக்காகக் காத்திருந்துதான் இந்தப் பாடத்தைக் கற்க வேண்டுமா?

எமது சட்டப் புத்தகத்திலேயே நல்ல வழி எழுதப்பட்டுள்ளது. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், எழுத இயலாத பிரசை வாய்மொழியாற் கேட்கலாம். அதனை எழுத்தில் இடுவது உத்தியோகத்தரின் கடமை. பெற்றதற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும். மறுத்தாற் காரணம் கூற வேண்டும் என்கின்றது. இன்னொரு புறம், 2006 இன் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் ஆவணத்தை ஏற்குமாறு அரச நிறுவனத்தை வற்புறுத்தும் உரிமையை எவருக்கும் அளிக்கவில்லை. மக்கள் அரசாங்கத்தை வற்புறுத்த முடியாதென்றால், அரசாங்கம் மட்டும் மக்களை வற்புறுத்துவது எந்த நியாயத்தில்?

எல்லைக் கோடும் வெற்றுக் கட்டடமும்

இனி எமது ஊரவர்க்குச் சில வார்த்தைகள். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டுமென்று தமிழ் மக்கள் 2019 இல் உண்ணா நோன்பிருந்தார்கள். 2024 இலும் வீதியில் இருந்தார்கள். எல்லை பற்றிய தமது நியாயங்களோடு முஸ்லிம் மக்கள் எதிர்நின்றார்கள். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை தந்து 2020 பெப்ரவரியில் வந்த வர்த்தமானி அறிவித்தல் சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. இவ் விடயங்களில் எவர் பக்கம் நியாயம் என்பதை இங்கே நாம் பேச வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கின்றோம். செயலகத்தின் எல்லைக் கோடு எந்த ஒழுங்கை வழியே போகவேண்டுமென்று நாம் ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருக்கையில், அந்தச் செயலகத்தின் கருமங்கள் கட்டடத்தை விட்டே வெளியேறிக்கொண்டிருக்கின்றனவே, கண்டோமா? நாளை எல்லை வகுக்கப்படும் நாளில், உள்ளே கதிரையும் மேசையும் மட்டும் எஞ்சியிருக்குமாயின் வென்றவர் யார்? பாண்டிருப்புத் தமிழ்த் தாய்க்கும் மருதமுனை முஸ்லிம் தாய்க்கும் ஒரே திரைதான் ஒரே விடையைச் சொல்கின்றது. இந்த ஒரு விடயத்திலேனும் இரு சமூகங்களும் ஒரே வாசலில் நின்று ஒரே குரலிற் கேட்கலாகாதா?

நாம் கேட்பவை ஐந்து.

ஒன்று: இணையத்தில் வழங்கப்படும் ஒவ்வொரு அரச சேவையும் பிரதேச செயலகக் கருமபீடத்திலும் அதே கட்டணத்தில், அதே காலத்துக்குள் கிடைக்க வேண்டும்.

இரண்டு: எழுத இயலாதவரின் கோரிக்கையை எழுதிக் கொடுப்பது உத்தியோகத்தரின் கடமை என்று சட்டமாக்க வேண்டும்.

மூன்று: விண்ணப்பம் எந்த வழியில் மறுக்கப்பட்டாலும் பெயர், நாள், காரணம் அடங்கிய கடிதம் தமிழிற் கிடைக்க வேண்டும்.

நான்கு: திரையில் வரும் ஒவ்வொரு பக்கமும் பிழையற்ற தமிழில் இருக்கும் வரை, அச்சேவையில் இணைய வழியைக் கட்டாயமாக்கலாகாது.

ஐந்து: நலன்புரி உதவியை இழந்தவருக்கு, இணையக் கோளாறாற் கழிந்த நாட்கள் மேன்முறையீட்டுக் கெடுவிற் சேர்க்கப்படலாகாது.

இவை நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று எவரும் சொல்ல முடியாது. எரிபொருட் குறியீட்டைக் காகிதத்தில் அச்சிட்டு எத்தனையோ பேர் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். நிரப்பு நிலையம் அதனையும் ஏற்றது. காகிதமும் திரையும் ஒருங்கே வாழ முடியும் என்பதை அரசாங்கமே நிரூபித்துக் காட்டியிருக்கின்றது.

எமது மக்களுக்குக் கூற வேண்டியதும் உண்டு. திருப்பி அனுப்பப்பட்டால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். "எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். நாளையும் உத்தியோகத்தரின் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் நிருவாகங்களும் கோயிற் சபைகளும் மீனவர், விவசாயிகள் சங்கங்களும் இக் குறிப்புகளை ஊர் ஊராகத் திரட்டட்டும். சாட்சியற்ற மறுப்புக்கு நாமே சாட்சி தேடுவோம். அந்தக் கட்டு போதிய கனமாகும் நாளில் அதனைச் சுமந்துகொண்டு உயர் நீதிமன்றத்தின் படியேறச் சட்டத்தரணிகள் முன்வருவார்கள்.

இறைமை மக்களிடம் உள்ளது என்கின்றது அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்புரை. தொலைபேசி வைத்திருக்கும் மக்களிடம் என்று அங்கே எழுதப்படவில்லை. ஆளுவோர் அதனை மீண்டும் ஒருமுறை வாசிக்கட்டும். கருமபீடத்தை மூடாதீர்!